ஒற்றைத் தலைவலி எத்தனை மணிக்கு வருகிறது? கம்பம், குமுளிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு ஏழு வருஷமாக ஒற்றைத் தலைவலி. தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து தினமும் மலையேறி, கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடம்) கணக்கு எழுதுகிறேன். முதல் ஐந்து வருஷம் சைனஸுக்கு மருந்து, கண்ணாடி, தலைக்கு ஸ்கேன் என்று அலைந்தேன். பணமும் போனது, லீவும் போனது. வலி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை. மூன்று மாதம் அந்த மணியை எழுதிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் சரியான மருந்து, சரியான நேரத்தில் கிடைத்தது. இப்போது மாதம் ஒன்றோ இரண்டோ வருகிறது, வந்தாலும் சமாளிக்க முடிகிறது.

எங்கள் ஸ்டோரிலேயே மூன்று பெண்களுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்களில் எத்தனை பேருக்கோ தெரியாது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. காத்திருக்கக் கூடாத தலைவலியை முதலில் பிரித்து வையுங்கள்

காலண்டரில் எழுதிப் பார்க்கும் வேலையெல்லாம் பழகிய தலைவலிக்குத்தான். கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் அதே எண்தான்.

இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது. தலையில் அடிபட்ட பின் வரும் வலி. வலிப்பு. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் கடும் வலி. இவ்வளவும் 108-க்கானவை. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி, இருமினாலோ குனிந்தாலோ மட்டும் கிளம்பும் வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. ஒரு மாதக் காலண்டர் வாங்கி, மணியை எழுதுங்கள்

நாள் கிழிக்கும் காலண்டர் இதற்கு ஆகாது, கிழித்த தாளோடு கணக்கும் போய்விடும். கட்டம் பெரிதாக இருக்கும் மாதக் காலண்டர் வேண்டும். குமுளிக் கடைகளில் தொங்கும் மலையாளக் காலண்டரில் கட்டம் தாராளமாக இருக்கும், நான் அதைத்தான் வாங்கினேன். போனில் எழுதலாம் என்பார்கள். வலி வந்தால் போன் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது என்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஒரு கட்டத்தில் நான் எழுதியது இப்படி இருக்கும்: "கொ 7. வ 10.40. மா 1.15. 8. இரவு ஸ்டோர்." அதாவது, ஏழு மணியிலிருந்து கொட்டாவி. பத்து நாற்பதுக்கு வலி ஆரம்பம். ஒன்றே காலுக்கு மாத்திரை. வலி பத்துக்கு எட்டு. முந்தின இரவு ஸ்டோரில் வேலை. எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. நீளமாக எழுத ஆரம்பித்தால் பத்தாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

வலி இல்லாத நாளிலும் இரண்டு விஷயம் எழுத வேண்டும்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். வலி வந்த நாளை மட்டும் எழுதினால், அந்த நாள் மற்ற நாட்களிலிருந்து எதில் மாறுகிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பெண்கள் மாதவிலக்கு ஆரம்பித்த தேதியை ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். டீ, காபி எத்தனை, கடைசி டீ எத்தனை மணிக்கு என்பதும் இருந்தால் நல்லது.

கொட்டாவியை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். வலிக்குப் பல மணி நேரம் முன்னாலேயே, சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்னாலேயே, உடம்பு அறிகுறி காட்டும். அடங்காத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு வேண்டும் போலிருப்பது, காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் இதில் சேரும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. தூக்கம், பசி, தாகம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் அதுதான் நேரப்படி நடத்துகிறது. வலி தொடங்குவதற்கு முன்பே அந்தப் பகுதியின் செயல்பாடு மாறுவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். உடம்பின் கடிகாரம் என்கிறோமே, அது இருப்பதும் அதே ஹைப்போதலாமஸில்தான். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

குறைந்தது ஒரு மாதம் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால்தான் மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா என்று தெரியும்.

3. மூன்று மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள்

என் மூன்று தாள்களில் பதினோரு தலைவலி இருந்தது. தரையில் விரித்துப் போட்டு, சிவப்பு மையில் மணியை மட்டும் சுழித்தேன். ஏழு தலைவலி காலை பத்துக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் தொடங்கியிருந்தது. அப்புறம் நாளைப் பார்த்தேன். நான்கு, மாதவிலக்கை ஒட்டி. ஐந்து, இரவு ஸ்டோரில் இருந்ததற்கு மறுநாளோ ஞாயிற்றுக்கிழமையோ. மீதி இரண்டுக்குக் காரணம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்க வேண்டும் என்று இல்லை. வெயில்மேல்தான் பழி என்று ஐந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தாளைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

உங்கள் தாளில் தேட வேண்டியவை இவை.

மணி: 2023-ல் 'நியூராலஜி' மருத்துவ இதழில் 66 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு நாளின் நேர ஒழுங்கு இருக்கிறது என்பது அதன் முடிவு. முற்பகலின் பின்பகுதியிலிருந்து முன்மாலை வரை அதிகம், இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை குறைவு. உங்களுக்கு ஒழுங்கே தெரியவில்லை என்றால் மற்றப் பாதியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். விடியலில் வலியோடு எழுகிறவர்களும் உண்டு.

நடுராத்திரி வலி: தினமும் ஒரே நேரத்தில், தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தி, அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடிந்து, படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். கொத்துத் தலைவலி என்பார்கள். அதற்கு மருந்தே வேறு, ஆக்சிஜன்கூடக் கொடுப்பார்கள். அதே கட்டுரையில் அந்த நோய்க்காரர்களில் 71 சதவீதம் பேருக்கு நேர ஒழுங்கு தெரிந்தது. அந்த மணியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதவிலக்கு: ஆரம்பிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னிலிருந்து மூன்றாம் நாள் வரை ஐந்து நாள் கணக்கு. மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது அந்த ஐந்து நாளுக்குள் வலி வந்தால் டாக்டர் அதைத் தனியாக எடுத்துக்கொள்வார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு சட்டென்று இறங்குவதுதான் அங்கே தூண்டுகிறது.

லீவு நாள்: வேலை நாளில் நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு ஜீப் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்குவேன். உடம்பைப் பொறுத்தவரை தூக்கம் நாலு மணி நேரம் கூடிவிட்டது, டீ நாலு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது, காலைச் சாப்பாடும் தள்ளிப்போய்விட்டது. தினமும் டீ காபி குடித்துப் பழகியவர்களுக்கு, கடைசி டீக்குப் பிறகு பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தில் அது இல்லாத தலைவலி தொடங்கும். சனி மாலை நாலு மணி டீயிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஞாயிறு காலை அதற்குள்தான் வருகிறது.

4. மாத்திரை விழுங்கிய நாட்களைத் தனியாகக் கூட்டுங்கள்

தாளில் "மா" என்று எழுதியிருக்கிற நாட்களை மாத வாரியாக எண்ணுங்கள். எத்தனை மாத்திரை என்பதல்ல, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. சாதாரண பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் வகை மாதத்தில் பதினைந்து நாள், காபீன் கலந்த கூட்டு மாத்திரையும் டிரிப்டான் வகையும் (ஒற்றைத் தலைவலிக்கென்றே டாக்டர் எழுதித் தரும் மாத்திரை) மாதத்தில் பத்து நாள். இந்த எல்லையைத் தொட்டு மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கம் இது மோசமான கண்ணி. ஜீப் நிற்கும் இடத்துப் பெட்டிக்கடையிலேயே ஒற்றை ஒற்றையாக மாத்திரை கிடைக்கிறது. தோட்டத்தில் காய் எடுக்கும் அக்கா ஒருவர் தினமும் காலையில் ஜீப் ஏறும் முன்பே, வலி வருமோ என்ற பயத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்வார். அவருக்கு மணிக் கணக்கே பிடிபடவில்லை, ஏனென்றால் தலைவலி தினமும் இருந்தது. டாக்டர் அதை நிறுத்திய பிறகு இரண்டு வாரம் மிகவும் கஷ்டப்பட்டார், அதற்கப்புறம்தான் தாளில் வெள்ளைக் கட்டம் தெரிய ஆரம்பித்தது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

5. எந்தப் பக்கம் போவது, எதை எடுத்துப் போவது

எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. அதனாலேயே குழப்பமும் இருக்கிறது. பாதி வைத்தியம் இங்கே, பாதி அங்கே என்று செய்தால் இரண்டு டாக்டருக்கும் முழுக் கதை தெரியாது. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது நில்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம்: முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது கம்பம் அரசு மருத்துவமனை. அடுத்தது க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. காலையில்தான், நண்பகலுக்குள் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். கூடலூரிலிருந்து போனால் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பொது மருத்துவப் பிரிவில் பார்த்துத்தான் மேலே அனுப்புவார்கள். நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நாள் என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூலி வீண்.

கேரளப் பக்கம்: பீருமேடு தாலுக்கா மருத்துவமனை, பெரிய இடம் என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. குமுளியிலிருந்து கோட்டயம் போக நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் மருத்துவமனையில் சீட்டு எழுதி வாங்கிப் போனால் வேலை சுலபம். மலையாளம் தடுமாறினால் ஒரே ஒரு வார்த்தை போதும்: சென்னிக்குத்து. ஒற்றைத் தலைவலியை அப்படித்தான் சொல்வார்கள், கொடிஞ்ஞி என்றும் சொல்வதுண்டு. நான் முதல்முறை "தலைவேதனை" என்று மட்டும் சொன்னேன், காய்ச்சல் வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

பையில் வைக்க வேண்டியவை: ஆதார் அட்டை. மூன்று மாதக் காலண்டர் தாள், அசலும் ஒரு ஜெராக்ஸும் (ஜெராக்ஸை டாக்டரிடம் கொடுத்துவிடலாம்). பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம், தேதி வாரியாக அடுக்கி. இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகள். பெயர் நினைவிருக்காது, அட்டை இருந்தால் போதும். பழைய ஸ்கேன் இருந்தால் படத்தோடு அறிக்கையும். கண்ணாடிச் சீட்டு. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, வளைவு வளைவாகப் பளிச்சிடுவது இருந்தால் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த வகை ஒற்றைத் தலைவலி இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். ஆஸ்துமா, இருதய நோய், கர்ப்பம், குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் ஆகியவற்றையும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மருந்து அதைப் பொறுத்து மாறும்.

லீவுக்குக் காட்ட வேண்டும் என்றால் அன்றைக்கே சீட்டில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது.

6. செலவு

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம், பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும்தான் போகும். தனியாரில் நான் ஒரு தடவைக்கு 500 ரூபாய் கொடுத்தேன். ஸ்கேனுக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எங்கே எடுத்தேன் என்பது இப்போது முக்கியமில்லை. பழகிய ஒற்றைத் தலைவலி, நரம்புப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. எடுக்கச் சொன்னால் "எதைச் சந்தேகப்படுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முதல் படியில் சொன்ன அபாய அறிகுறி இருந்தால் மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் மருந்துகள் பழைய மருந்துகள், விலை குறைவு. மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறையும். சீட்டில் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், எல்லையின் எந்தப் பக்கத்துக் கடையிலும் வாங்கலாம்.

7. மருந்துக்கும் ஒரு மணி உண்டு

என் தாளைப் பார்த்ததும் டாக்டர் முதலில் விரல் வைத்தது "வ 10.40, மா 1.15" என்ற இடத்தில். "நடுவுல இந்த ரெண்டரை மணி நேரம் எதுக்கும்மா காத்திருந்தீங்க?" என்றார். தாங்கிப் பார்க்கலாம் என்றுதான் காத்திருந்தேன். வலி ஏறிய பிறகு வயிறு மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை ரத்தத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அதனால்தான் வாந்தியை நிறுத்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வலிக்கான மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும், நாலாம் படியில் சொன்ன நாள் கணக்கைத் தாண்டாமல். டிரிப்டான் வகை மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், இருதய நோய் இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

வலி அடிக்கடி வந்தால் தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்து தருவார்கள். எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில். தூக்கம் வரும் மருந்து. படுக்கப் போகும்போது போட்டேன், நாலரைக்கு எழுந்திருக்க முடியவில்லை, ஜீப்பில் தலை சுற்றியது. டாக்டரிடம் சொன்னேன், இரவு எட்டு மணிக்கு மாற்றினார், சரியாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வால்ப்ரோயேட், டோபிராமேட் கருவைப் பாதிக்கும்.

எந்தத் தடுப்பு மருந்தும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் சாப்பிட்ட பிறகுதான் பலன் தெரியும். மூன்றாம் வாரம் "கேட்கவில்லை" என்று நிறுத்தி வேறு டாக்டரிடம் ஓடாதீர்கள். நான் இரண்டு தடவை அப்படி ஓடினேன்.

8. கடிகாரத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கு எழுந்து, டீ குடித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். அசதியாக இருந்தால் மதியம் அரை மணி நேரம் படுக்கலாம். எழும் நேரம் வேலை நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. எழுந்தவுடன் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். குமுளியில் பனி மூடிய காலையிலும் வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். டீயை விட வேண்டும் என்றால் ஒரே நாளில் விடாமல் வாரத்துக்கு அரை டம்ளராகக் குறையுங்கள். கடைசி டீ மாலை நாலு மணியோடு முடியட்டும்.

காய் சீசனில் டிரையர் இரவு முழுக்க ஓடும், யாராவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இரவு வேலையைத் தவிர்க்க முடியாதவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். உடம்பு அதற்குள் எந்தப் பக்கமும் பழகாது. நான் முதலாளியிடம் காலண்டர் தாளைக் காட்டித்தான் கேட்டேன். இரவு முறையை மாதத்தில் ஒரே வாரத்தில் சேர்த்துக் கொடுத்தார், மாதவிலக்கு வாரத்தை ஒதுக்கியும் விட்டார்.

மண்டல காலத்தில் மலைப்பாதையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நெருக்கும். வழியை மாற்றி விடுவார்கள், இரண்டு மணி நேரம் நின்றுவிடும். சாப்பாடு தள்ளிப்போனாலே எனக்கு வலி வரும். கார்த்திகை முதல் தை வரை பையில் கடலை மிட்டாயும் தண்ணீரும் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை. விரதம் இருக்கிறவர்கள் அந்த நாளையும் தாளில் குறித்து வையுங்கள்.

9. மறுபடி போகும்போது

மருந்து தொடங்கிய நாளைச் சிவப்பில் கோடு போட்டு, மூன்று மாதம் தொடர்ந்து எழுதுங்கள். திரும்பப் போகும்போது கோட்டுக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்று இரண்டு எண்ணைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், ஓ.பி. கூட்டத்தில் டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். வலி நாட்கள் பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். குறையவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள் அல்லது மருந்தை மாற்றுவார்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அவர்களே ஆறு மாதத்துக்கு மேல் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். டிசம்பர் கடைசியில் பழைய காலண்டரைக் கழற்றும்போது, அதைச் சீட்டுகளோடு அதே பையில் போட்டு வையுங்கள்.